உங்களுக்குத் தெரியுமா? பல் ஊன்றும் முன் எலும்பை அளக்கும் முப்பரிமாணப் படம்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இன்று ஒரு பல் போய்விட்டால், கழற்றி மாட்டும் பல்செட்டோடு நின்றுவிட வேண்டியதில்லை. 'இம்ப்ளான்ட் வைக்கலாமா?' என்ற பேச்சு வீட்டுத் திண்ணை வரை வந்துவிட்டது. ஆனால் டாக்டர் '3டி ஸ்கேன் ஒன்று எடுத்துவிடலாம்' என்று சொன்னதும் மனம் தயங்குகிறது. அது எதற்கு? சாதாரண எக்ஸ்ரே போதாதா? கதிர்வீச்சு அதிகமா? அந்தக் கேள்விகளுக்கான விடைகளும், அந்தப் படத்துக்குள் இருக்கும் தமிழ்நாட்டுப் பங்கும் இந்தப் பக்கத்தில்.

◆ ஊன்றுவது பல் அல்ல, வேர்

இம்ப்ளான்ட் என்பது பல்லின் வேர் இருந்த இடத்தில் தாடை எலும்புக்குள் பொருத்தப்படும் டைட்டானியத் திருகு. பெரும்பாலும் அதன் குறுக்களவு 3.5 முதல் 5 மி.மீ., நீளம் 8 முதல் 13 மி.மீ. எலும்பு அதைப் பற்றிக்கொள்ளச் சில மாதங்கள் ஆகலாம். அதன் பிறகு மேலே ஓர் இணைப்புத் துண்டு, அதன் மேல் கேப். திருகைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 1 முதல் 1.5 மி.மீ. எலும்பு மிச்சம் இருக்க வேண்டும். அப்படியானால் 4 மி.மீ. திருகுக்கு 6, 7 மி.மீ. அகலமுள்ள எலும்பு தேவை. இந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரைச் சரியாக அறியத்தான் முப்பரிமாணப் படம்.

◆ முயலின் காலில் கிடைத்த விடை

ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் ப்ரோனெமார்க் 1952இல் ரத்த ஓட்டத்தை ஆராய்வதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியக் குழல் ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றிப்போயிருந்தது. பல ஆண்டு சோதனைக்குப் பின் 1965இல் யோஸ்தா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக டைட்டானிய இம்ப்ளான்ட் வைத்தார். லார்சன் 2006இல் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுக்கும் மேலாக, அவை அவர் வாயில் உழைத்தன.

◆ குமரி மணலில் அதே உலோகம்

டைட்டானியத்தின் தாதுக்களில் முக்கியமானது இல்மனைட். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமையாகத் தெரியும் மணலில் இது நிறைந்திருக்கிறது. மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே பிரித்தெடுக்கிறது. மணலிலிருந்து உலோகம் வரை போவது நீண்ட வேலை. விண்வெளித் துறையின் தேவையை ஒட்டி 2011இல் கேரளத்தின் சவறையில் டைட்டானியம் ஸ்பாஞ்ச் ஆலை தொடங்கப்பட்டது. ராக்கெட்டுக்கும் தாடைக்கும் இந்த உலோகம் ஒத்துப்போவதற்குப் பொதுவான காரணங்கள் இரண்டு: எடை குறைவு, துருப்பிடிக்காத தன்மை.

◆ எலும்பு காத்திருப்பதில்லை

பல்லைப் பிடுங்கிய பிறகு அந்த இடத்து எலும்புக்கு வேலை இல்லை. உடல் அதைக் கரைக்கத் தொடங்குகிறது. ஓராண்டுக்குள் எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறையலாம்; அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடுகிறது. ஈறு மேலே மூடிக்கொள்வதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தால் தடிமனாகத் தோன்றும் இடம், உள்ளே கத்தி முனையளவே எலும்பு உள்ள இடமாக இருக்கக்கூடும். பல் எடுத்த அன்றே அடுத்த திட்டத்தை டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

◆ 25 நிமிடம் அசையாமல்

ராண்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8. செய்தி பரவிய சில நாள்களில், 1896 ஜனவரியில், ஜெர்மனியின் பல் மருத்துவர் ஓட்டோ வால்காஃப் தன் வாய்க்குள்ளேயே ஒரு சிறு படத்தகட்டை வைத்து, 25 நிமிடம் கதிரைப் பாய்ச்சி, பல்லின் முதல் எக்ஸ்ரேயை எடுத்தார். அந்த அளவு கதிரை இன்று எந்த நோயாளிக்கும் யாரும் கொடுக்க மாட்டார்கள். இன்று அதே பல்லுக்கு ஒரு நொடியில் சிறு பகுதியே போதும்.

◆ எதிரே நின்று கோபுரம் பார்ப்பது போல

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் சுமார் 192 அடி உயரம். தேரடியில் நின்று ஒரு புகைப்படம் எடுங்கள். உயரம் தெரியும், இடமிருந்து வலம் எவ்வளவு அகலம் என்று தெரியும். வாசலில் நுழைந்து மறுபக்கம் வெளிவர எத்தனை அடி நடக்க வேண்டும் என்பதை அந்தப் படம் சொல்லாது. சாதாரணப் பல் எக்ஸ்ரேயும் அப்படித்தான். எலும்பின் உயரம் கிடைக்கும், நீளவாட்டம் கிடைக்கும். கன்னத்துப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்பது கிடைக்காது. இம்ப்ளான்ட்டுக்கு முதலில் தெரிய வேண்டிய அளவே அதுதான்.

◆ ஓபிஜி பெரிதாக்கிக் காட்டும்

முகத்தைச் சுற்றி வந்து எல்லாப் பற்களையும் ஒரே நீளப் படமாகக் காட்டும் ஓபிஜி பலருக்கும் பழக்கமானது. ஃபின்லாந்தின் இர்யோ பாட்டேரோ 1940களிலும் 50களிலும் இந்த முறையை உருவாக்கினார். சொத்தை, புதைந்த ஞானப்பல், பொதுவான எலும்பு நிலை ஆகியவற்றைப் பார்க்க இன்றும் அருமையான முதல் படம் இது. ஆனால் பொருளை வழக்கமாக 20 முதல் 30 சதவீதம் பெரிதாகக் காட்டும். தலை சற்றுச் சாய்ந்திருந்தாலும் அளவு மாறும். படத்தில் 13 மி.மீ. என்று தோன்றும் உயரம் உண்மையில் 10 மி.மீ. ஆக இருக்கலாம். ஸ்கேல் வைத்து அளந்து நேராகத் துளையிட முடியாது.

◆ ஒரு சுற்று, நூற்றுக்கணக்கான படங்கள்

பல்லுக்கான 3டி ஸ்கேனின் முழுப்பெயர் கோன் பீம் சிடி; சுருக்கமாக சிபிசிடி. நின்றபடியோ உட்கார்ந்தபடியோ தாடையைத் தாங்கியில் வைத்தால் போதும். கூம்பு வடிவக் கதிர் ஒரு பக்கம், அதைப் பிடிக்கும் தகடு எதிர்ப்பக்கம். இரண்டும் தலையை ஒரு முறை சுற்றி வருகின்றன. பெரும்பாலும் 10 முதல் 20 நொடிகளில் முடிந்துவிடும். அதற்குள் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைக் கணினி ஒன்றாக்கி, எலும்பை நுண்ணிய கனசதுரங்களாகத் திருப்பித் தருகிறது. ஒரு கனசதுரத்தின் பக்கம் 0.075 முதல் 0.4 மி.மீ. வரை. அதன் பிறகு எந்தப் பல்லின் இடத்திலும், எந்தக் கோணத்திலும் குறுக்கே வெட்டி அளக்கலாம்.

◆ அந்தக் கணக்கில் சென்னைப் பேராசிரியரின் பெயர்

சுற்றி எடுத்த தட்டைப் படங்களிலிருந்து உள்ளிருக்கும் உருவத்தை எப்படி மீட்பது? கணித அடித்தளத்தை 1917இல் ஜோஹான் ராடான் போட்டார். அதைக் கணினி விரைவாகச் செய்யும் வழியாக மாற்றியவர்களில் ஒருவர் ஜி.என். ராமச்சந்திரன். 1952இல், 30 வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமைக்கு வந்தவர். பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்றார். 1971இல் அவரும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, நிறைய நேரம் பிடித்த கணக்கை எளிய வழியில் முடித்துக் காட்டியது. மங்கலாக வரும் உருவத்தைத் தெளிவாக்க அவர்கள் தந்த முறை உலகெங்கும் 'ராம்-லேக் ஃபில்டர்' என்றே அழைக்கப்படுகிறது. ராம், லேக் இரண்டும் இந்த இருவரின் பெயர்ச் சுருக்கங்கள். ஸ்கேன் பொறியியல் படிக்கும் மாணவர் எந்த நாட்டில் இருந்தாலும் இந்தப் பெயரைக் கடக்காமல் போக முடியாது.

◆ அதே ராமச்சந்திரன், அதே எலும்பு

எலும்பு வெறும் சுண்ணாம்பு அல்ல. அதில் சுண்ணாம்புச் சத்தைத் தாங்கி நிற்கும் புரத நார் கொலாஜன். அந்தக் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பு என்று 1954இல் சென்னையிலிருந்து அறிவித்தவர்கள் ராமச்சந்திரனும் அவருடன் ஆய்வு செய்த கோபிநாத் கர்த்தாவும். ஆய்வுக்கான கங்காருவின் வால் தசைநார் சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. ராமச்சந்திரனுடைய கொலாஜன் ஆய்வு இம்ப்ளான்ட்டைத் தாங்கும் எலும்பின் அமைப்பை விளக்குகிறது. அவருடைய கணக்கே அந்த எலும்பைப் படமாகவும் காட்டுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர் இது.

◆ லண்டனில் முதல் நோயாளி

உலகின் முதல் சிடி ஸ்கேன் 1971 அக்டோபர் 1 அன்று, லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், ஒரு நோயாளியின் மூளைக்கு எடுக்கப்பட்டது. கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு, இசைத்தட்டுகளுக்குப் பேர்போன இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர். அவரும் ஆலன் கார்மாக்கும் 1979இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

◆ கார் கம்பெனியிலிருந்து பல் ஆஸ்பத்திரிக்கு

ராம்-லேக் வழி தட்டையான துண்டு துண்டாக உருவத்தை மீட்டது. கூம்புக் கதிரிலிருந்து முழு உருவத்தையும் ஒரே சுற்றில் மீட்கும் நடைமுறை வழியை 1984இல் தந்தவர்கள் ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் ஆகிய மூவர். மூவரும் அமெரிக்க ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள். 1990களின் இறுதியில் இத்தாலியில் மோட்ஸோ குழுவினரும், ஜப்பானில் யோஷினோரி அராய் குழுவினரும் அந்த வகைக் கணக்கைப் பல்லுக்கான தனிக் கருவியாக்கினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும் இருந்த ஸ்கேன், ஒரு சிறு அறைக்குள் அடங்கும் கருவியானது. சின்ன ஊர்களுக்கும் அது வந்து சேர அதுவே வழி.

◆ கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு

கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்குக் கீழே, எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் தாடை நுனிக்கும் உணர்வு தரும் நரம்பு அதற்குள் போகிறது. திருகோ துளையிடும் முனையோ அதைத் தொட்டுவிட்டால் உதட்டில் மரப்பு வரும். சிலருக்கு அது நிலைத்தும் விடும். ஆகவே திருகின் நுனிக்கும் குழாய்க்கும் நடுவே குறைந்தது 2 மி.மீ. இடைவெளி விட்டுத் திட்டமிடுவது வழக்கம். சிபிசிடியில் அந்தக் குழாயை மருத்துவர் வண்ணக் கோடாக வரைந்து கொள்கிறார். சிலருக்கு அந்த நரம்பு வெளியேறும் துளைக்குச் சற்று முன்னால் போய் வளைந்து திரும்பும். ஓபிஜியில் அந்த வளைவு தப்பிவிடலாம்.

◆ நாக்குப் பக்கத்துக் குழிவு

கீழ்த்தாடை எலும்பு நேரான சுவர் அல்ல. உள்பக்கம், நாக்குக்குக் கீழே, உமிழ்நீர்ச் சுரப்பி அமரும் இடத்தில் குழிந்திருக்கும். மேலிருந்து நேராகத் துளையிட்டால் அந்தக் குழிவில் முனை வெளியே எட்டிப்பார்க்கக்கூடும். அங்கே ஓடும் ரத்தக் குழாய் காயப்பட்டால் வாயின் அடித்தளம் வீங்கி மூச்சையே அடைக்கும் அபாயம் உண்டு. அப்படிப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தட்டையான படம் இந்தக் குழிவைக் காட்டாது. குறுக்கு வெட்டுப் படத்தில் அது பளிச்சென்று தெரியும்.

◆ மேலே காற்றறை

மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு மேலே, கன்னத்துக்குள், சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல் போனபின் காற்றறையின் தரை கீழே இறங்கும், எலும்பும் கரையும். 10 மி.மீ. இருந்த உயரம் 4 மி.மீ. ஆகிவிடலாம். அப்போது காற்றறையின் மெல்லிய சவ்வைக் கிழிக்காமல் மேலே தூக்கி, அடியில் எலும்புத் துகள் நிரப்பும் 'சைனஸ் லிஃப்ட்' தேவைப்படும். காற்றறைக்குள் குறுக்குத் தடுப்பு உண்டா, சவ்வு தடித்திருக்கிறதா, சுவரில் ரத்தக் குழாய் எங்கே போகிறது என்பதையெல்லாம் முன்கூட்டியே அறிய 3டி படம் உதவுகிறது.

◆ தாடையில் இடமில்லை என்றால் கன்ன எலும்பு

மேல்தாடை எலும்பு முழுக்கக் கரைந்துபோனவர்களுக்கு, கன்ன எலும்பில் போய் ஊன்றும் நீண்ட இம்ப்ளான்ட் உண்டு. 30 முதல் 50 மி.மீ.க்கு மேலும் நீளம் கொண்டது. கண் குழியை ஒட்டிய இடத்துக்கு அது போவதால் 3டி படம் இல்லாமல் தேர்ந்த மருத்துவர் இதைத் தொடவே மாட்டார். இதைச் செய்யப் பயிற்சி பெற்றவர்கள் குறைவு; பெரிய மையத்துக்கு அனுப்பினால் அது உங்கள் நன்மைக்கே.

◆ முதலில் பல், பிறகு எலும்பு

எலும்பு எங்கே இருக்கிறதோ அங்கே திருகை வைத்துவிட்டு, அதற்கு மேல் எப்படியாவது பல் கட்டுவது பழைய வழி. இப்போது திட்டம் தலைகீழ். வரப்போகும் பல் எங்கே நின்றால் மெல்ல வசதி, சுத்தம் செய்ய வசதி, சிரித்தால் அழகு என்று முதலில் கணினித் திரையில் அந்தப் பல்லை நிறுத்துகிறார்கள். அதற்கு ஏற்ற வேரை எலும்புக்குள் வரைகிறார்கள். சிபிசிடி எலும்பைக் காட்டும். வாய்க்குள் ஸ்கேனரை ஓட்டியோ அச்சு எடுத்தோ கிடைக்கும் உருவம் பற்களையும் ஈறையும் காட்டும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்தித்தான் முழுத் திட்டம் வருகிறது. பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மி.மீ., இரண்டு இம்ப்ளான்ட்டுக்கு நடுவே 3 மி.மீ. என்பவை பொதுவாகப் பின்பற்றும் இடைவெளிகள்.

◆ வழிகாட்டித் தட்டும் தவறலாம்

திட்டமிட்ட இடத்தில், திட்டமிட்ட சாய்வில் துளையிட 3டி பிரின்டரில் ஒரு தட்டு அச்சிட்டுப் பற்களின் மேல் மாட்டுவார்கள். அதிலுள்ள வளையத்தின் வழியேதான் முனை இறங்கும். கை மட்டும் நம்பிச் செய்வதைவிட இது துல்லியம். ஆனாலும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சராசரி விலகல் நுழைவாயிலில் சுமார் 1.2 மி.மீ., நுனியில் சுமார் 1.4 மி.மீ., கோணத்தில் சுமார் 3.5 டிகிரி. நரம்புக்கு மேல் 2 மி.மீ. விடச் சொல்வதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். கருவி எவ்வளவு புதிதானாலும் அந்த இடைவெளியைத் தின்ன அனுமதியில்லை.

◆ 47 டிகிரி, ஒரு நிமிடம்

துளையிடும்போது எலும்பு சூடாகும். 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புச் செல்கள் கெட்டுவிடும் என்று 1983இல் எரிக்சனும் ஆல்ப்ரெக்ட்சனும் காட்டினார்கள். கெட்ட எலும்பு திருகைப் பற்றாது. அதனால்தான் குளிர்ந்த உப்புநீர் இடைவிடாமல் பாய்கிறது. வழிகாட்டித் தட்டு போட்டிருந்தால் நீர் உள்ளே போக வழி குறைவு. மருத்துவர் இன்னும் நிதானமாக, விட்டு விட்டுத் துளையிட வேண்டும். படம் எத்தனை தெளிவாக இருந்தாலும் கையின் பக்குவம் வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

◆ கதிர்வீச்சுக் கணக்கு

மண், பாறை, வானம், உணவு ஆகியவற்றிலிருந்து உலக மனிதர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மைக்ரோசீவர்ட் இயற்கைக் கதிர்வீச்சு கிடைக்கிறது. கதிர்வீசும் மோனசைட் மணல் உள்ள குமரிக் கடலோரத்தில் அது இன்னும் அதிகம். ஓபிஜி ஒன்றுக்குச் சுமார் 3 முதல் 24 மைக்ரோசீவர்ட். பல் பகுதிக்கான சிபிசிடிக்கு, கருவியையும் எடுக்கும் பரப்பையும் பொறுத்து, 10 சொச்சத்திலிருந்து 600 சொச்சம் வரை. ஆஸ்பத்திரி சிடியில் தாடையை எடுத்தால் சில நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகலாம். ஆகவே அஞ்சி ஓடவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஒரே ஒரு பல்லுக்குத் தலை முழுவதையும் எடுக்கத் தேவையில்லை. அந்தப் பகுதியை மட்டும் எடுக்கும்படி கேட்கலாம். கர்ப்பமாக இருந்தாலோ, சந்தேகம் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

◆ சுவரில் ஒரு சான்று

இந்தியாவில் எக்ஸ்ரே கருவிகளைக் கண்காணிப்பது 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். பல் சிபிசிடியும் அதன் வரம்புக்குள் வருகிறது. 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். சிறிய ஊரோ பெரிய நகரமோ, வாரியத்தின் அனுமதி இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்பது நோயாளியின் உரிமை. முறையாக நடத்துபவர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

◆ மூக்குத்தியும் தோடும் கழற்றுங்கள், அம்மா

எக்ஸ் கதிருக்கு உலோகம் பெரிய தடை. தோடு, மூக்குத்தி, சங்கிலி, ஹேர்பின், கண்ணாடி, கழற்றும் பல்செட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் ஸ்கேனுக்கு நிற்க வேண்டும். ஏற்கெனவே போட்ட உலோகக் கேப்பும் வெள்ளி அடைப்பும் படத்தில் கீற்றுக் கீற்றாக நிழல் எறியும். சுற்றி வரும் அந்தச் சில நொடிகளில் எச்சில் விழுங்கினாலோ தலை அசைந்தாலோ படம் கலங்கும். மறுபடி எடுத்தால் மறுபடி கதிர். அசையாமல் நிற்பது நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

◆ படம் சொல்லாதவை

சிபிசிடியில் ஈறும் தசையும் தெளிவாகத் தெரியாது. எலும்பின் அடர்த்தியை ஆஸ்பத்திரி சிடி எண்களைப் போல நம்பகமாகச் சொல்லாது. உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, பீடி சிகரெட் பழக்கம் உண்டா, எலும்பு தேய்மானத்துக்கு ஊசி போடுகிறீர்களா, ரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுக்கிறீர்களா என்பதும் அதில் இல்லை. இவை அனைத்தும் இம்ப்ளான்ட்டின் வெற்றியைப் பாதிக்கும். நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும். மாத்திரையை உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தவும் கூடாது.

◆ பல்லுக்கு எடுத்த படத்தில் வேறொன்று

ஒரு பல்லுக்காக எடுத்தாலும் சுற்றியுள்ள எலும்பும் காற்றறையும் சேர்ந்தே பதிவாகும். அறிகுறியே காட்டாத நீர்க்கட்டி, புதைந்து கிடக்கும் பல், சைனஸ் பிரச்சினை இப்படித் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படுவதுண்டு. இம்ப்ளான்ட் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல் முழுப் படத்தையும் படிக்க வேண்டும். அதற்கென்றே பல் மருத்துவத்தில் 'ஓரல் மெடிசின் அண்ட் ரேடியாலஜி' என்ற எம்.டி.எஸ். பட்டமேற்படிப்பு இருக்கிறது. சந்தேகமான படத்தை அந்தத் துறை மருத்துவருக்கு அனுப்பி அறிக்கை வாங்குவது சிறந்த வழக்கம்.

◆ பொதிகையில் ஏறினாலும் அதே கோப்பு

ஸ்கேன் படம் உலகெங்கும் பொதுவான டைகாம் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. 1993இலிருந்து அந்தப் பெயரில் இருக்கிறது. ராஜபாளையத்தில் எடுத்த கோப்பை மதுரையிலும் திறக்கலாம். பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை போய் இரண்டாம் கருத்துக் கேட்டாலும் அதையே காட்டலாம். பேப்பரில் அச்சிட்ட படம் மட்டும் போதாது. குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ முழுக் கோப்பையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே படத்தை மீண்டும் எடுக்கும் செலவும் கதிரும் மிச்சம்.

◆ பல்லில் கடிக்கும் காஸ் எங்கிருந்து?

அறுவை முடிந்ததும் 'இதைக் கடித்துக்கொள்ளுங்கள்' என்று வைக்கும் வெள்ளைத் துணி காஸ். ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டி வட்டாரம் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்வதற்குப் பேர்போனது. நாட்டின் பல ஊர் ஆஸ்பத்திரிகளில் ரத்தம் நிறுத்தும் துணி நம் பக்கத்துத் தறிகளில் பிறக்கிறது. அந்த நெசவாளர் குடும்பங்களும் இன்றைய நல்ல சிகிச்சையைத் தம் ஊரிலேயே பெற வேண்டும் என்பது நம் விருப்பம்.

◆ பால்கோவாவும் பக்கத்துப் பல்லும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. இனிப்பைச் சாப்பிட்டு வாய் கொப்பளிக்காமல் விட்டால் இம்ப்ளான்ட் சொத்தையாகாது, அது உலோகம். ஆனால் அதன் இரு பக்கத்துப் பற்களும் சொத்தையாகும். இம்ப்ளான்ட்டைச் சுற்றி அழுக்கு படிந்தால் ஈறு வீங்கி, தாங்கும் எலும்பும் கரையும். புதுப் பல்லுக்கும் காலை மாலை பிரஷ் வேண்டும். இடுக்கைச் சுத்தம் செய்யும் சிறு பிரஷும் வேண்டும்.

◆ சிப்பியில் செய்த பல்

1931இல் ஹோண்டுராஸ் நாட்டில், ஏறக்குறைய கி.பி. 600ஆம் ஆண்டைச் சேர்ந்த தாடை எலும்பு ஒன்று தோண்டியெடுக்கப்பட்டது. முன்பற்கள் மூன்றின் இடத்தில் பல் வடிவில் செதுக்கிய சிப்பித் துண்டுகள். இறந்தபின் அலங்காரமாகச் செருகியவை என்றே முதலில் எண்ணினார்கள். 1970இல் அமடேயோ பாபியோ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, இரண்டு துண்டுகளைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. அந்த மனிதர் அவற்றோடு வாழ்ந்திருக்கிறார். உண்மையை வெளிக்கொண்டு வந்தது எக்ஸ்ரே படம்தான்.

◆ பதினான்கு வயதில் வேண்டாம்

விளையாட்டில் முன்பல் உடைந்த பிள்ளைக்கு உடனே இம்ப்ளான்ட் வைக்கப் பெற்றோர் அவசரப்படுவார்கள். வளரும் வயதில் தாடை வளர வளர இயற்கைப் பற்கள் கூடவே இறங்கி வரும். எலும்போடு ஒன்றிய இம்ப்ளான்ட் அங்கேயே நின்றுவிடும். சில ஆண்டுகளில் அந்தப் பல் மட்டும் குட்டையாகத் தெரியும். வளர்ச்சி முடியும் வரை தற்காலிகப் பல்லோடு காத்திருப்பதே சரி. அதுவரை 3டி ஸ்கேனும் தேவையில்லாமல் எடுக்க வேண்டாம்.

◆ டாக்டரிடம் கேட்க வேண்டியவை

முதலில் வாய்ப் பரிசோதனை, பிறகு சாதாரண எக்ஸ்ரே, அதில் இம்ப்ளான்ட் சாத்தியம் என்று தோன்றினால் சிபிசிடி: இதுவே முறையான வரிசை. ஸ்கேன் வந்தபின் திரைக்கு முன் உட்கார்ந்து இவற்றைக் கேளுங்கள். என் எலும்பின் அகலம் எத்தனை மில்லிமீட்டர்? உயரம் எத்தனை? நரம்போ காற்றறையோ எவ்வளவு தூரத்தில்? எந்த அளவுத் திருகு? எலும்பு சேர்க்க வேண்டுமா? இம்ப்ளான்ட் வேண்டாம் என்றால் எனக்கு வேறு என்ன வழி? முழுப் படத்தையும் படித்த அறிக்கை உண்டா?

இவற்றுக்குப் படத்தைக் காட்டிப் பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவரிடம் தைரியமாக வாய் திறக்கலாம். கேட்க வெட்கப்பட வேண்டாம்; அது உங்கள் எலும்பு, உங்கள் பணம், இன்னும் பல ஆண்டு நீங்கள் மென்று சாப்பிடப் போகும் பல். அளவு தெரிந்த பிறகே துளை என்பதில் நோயாளியும் மருத்துவரும் சேர்ந்தே உறுதியாக இருங்கள்.